முப்பத்து நான்கு காய்ச்சல்கள்

வியாழக்கிழமை மதியம் டாக்டர் ஜெயபிரகாஷ் போனில் அழைத்து, ஒரு சின்ன வேலை இருக்கிறது என்றார். திருப்பதியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்கு அவர் கண்காணிப்பாளர். மூன்று வருட விவரம் ஒரு எக்செல் கோப்பில் வரும், அதை ஒரு முறை ஓட்டிப் பார்த்து, இது தற்செயலாக நடந்தது இல்லை என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தெலுங்கில் சொன்னார். திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சித்தூரில் டிரஸ்ட் அலுவலகத்தில் விசாரணை. அதற்குள் வேண்டும்.

கோதாவுக்கு முப்பத்தெட்டு வயது. திருப்பதியிலேயே மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றில் புள்ளியியல் பார்க்கிறாள். ஒரு நோயாளி எத்தனை நாள் தாக்குப்பிடித்தார், யார் எப்போது விழுந்தார், ஏன் சிலர் மட்டும் சீக்கிரம் விழுகிறார்கள் என்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் போடும் கணக்கு. இந்த மாதிரி வெளிவேலைகளும் வரும். கையெழுத்தை முதலில் கேட்டுவிட்டு விவரத்தைப் பிறகு அனுப்புகிறவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள்.

கோப்பைத் திறந்தாள். நாற்பத்தாறு நோயாளிகள். எல்லோருக்கும் கழுத்துப் பக்கம் குழாய் பொருத்தி, அதன் வழியாக வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அந்தக் குழாயில் கிருமி ஏறினால் குளிர் காய்ச்சல் வரும். மூன்று வருடத்தில் முப்பத்து நான்கு முறை அப்படி ஏறியிருந்தது. கடந்த மார்ச்சில் ரத்தம் விஷமாகி இரண்டு பேர் இறந்திருந்தார்கள். கடைசிப் பத்தியின் தலைப்பு 'பொறுப்பு நர்ஸ்'. முப்பத்து நான்கில் இருபத்தொன்றுக்கு நேரே ஒரே பெயர் இருந்தது: ரூபா.

நோயாளிகளின் பெயரையும் போன் நம்பரையும்கூட நீக்காமல் அனுப்பியிருந்தார்கள். கோதா அந்தப் பத்திகளை உடனே மறைத்தாள். அவளுக்கு வரிசை எண் போதும். சாதாரண முறையில் ஒரு தடவை ஓட்டினாள். ரூபாவின் பொறுப்பில் இருந்தவர்களுக்கு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு வேகத்தில் கிருமி ஏறியதாக வந்தது. ஜெயபிரகாஷ் கேட்டது இதைத்தான். எழுத ஒரு மணி நேரம்கூட ஆகாது.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் தமிழில் பேசினாள். வடமாலபேட்டையிலிருந்து பேசுவதாகவும், பத்து நாளாகத் தன்னை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருப்பதாகவும் சொன்னாள். கோதாவுக்குப் புரிந்துவிட்டது. விசாரணையில் இருப்பவரோடு தான் பேசக் கூடாது என்றாள்.

"தெரியும் மேடம். உங்ககிட்ட ஞாயம் கேக்க வரல" என்றாள் ரூபா. "ஒண்ணே ஒண்ணுதான். போன வருசம் ஆகஸ்டுல இருந்து ஜனவரி வரைக்கும் நான் டெலிவரி லீவுல இருந்தேன். அந்த ஆறு மாசத்தையும் என் பேர்லயே எழுதிக்கினு கீறாங்களான்னு மட்டும் பாருங்க."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. போன் அணைந்துவிட்டது.

கோதா கோப்பை மறுபடி திறந்தாள். ஒவ்வொரு நோயாளிக்கும் தொடக்கத்தில் எழுதிய நர்ஸ் பெயரே மூன்று வருடமும் மாறாமல் நின்றது. யார் லீவில் போனார்கள், அன்றைக்கு யார் குழாயைத் திறந்தார்கள் என்று எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை மையத்துக்கு நேரில் போய், எந்த நாள் யாருக்கு டியூட்டி என்று எழுதும் ரோஸ்டரைக் கேட்டாள். அலுவலகப் பெண் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று முதலில் இழுத்தாள். பிறகு மூன்று நோட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். ரூபாவின் பெயரில் இருந்த இருபத்தொன்றில் ஐந்து, அவள் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த மாதங்களில் வந்தவை.

ஐந்தைக் கழித்த பிறகும் ரூபாவின் பக்கம் கொஞ்சம் ஏறித்தான் நின்றது. அப்போதுதான் கோதா வேறொன்றைக் கவனித்தாள். ஒரே வரிசை எண்கள் திரும்பத் திரும்ப வந்தன. நான்கு முறை விழுந்த ஒருவரை நான்கு தனித்தனி ஆட்களாக அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

அதற்கு வழி உண்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மறைந்த எண்ணைக் கணக்கு மாடலுக்குள் விட வேண்டும். ஒன்று என்றால் சராசரி ஆள். இரண்டு என்றால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு சீக்கிரம் விழக்கூடியவர். அந்த எண்ணை யாரும் ரத்தத்திலோ எடையிலோ அளப்பதில்லை. அவர் விழுந்த தேதிகளிலிருந்தும், விழாமல் தாங்கிய நாட்களிலிருந்தும் மாடலே அதைக் கணித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கோதா அதை ஓட்டி முடித்தாள்.

ரூபாவின் பங்கு கரைந்துவிட்டது. அவள் கை பட்டாலும் வேறு கை பட்டாலும் அந்தந்த நோயாளிக்கு ஒரே மாதிரிதான் நடந்திருந்தது. நாற்பத்தாறு பேரில் ஐந்து பேருடைய எண் மட்டும் மேலே போய் நின்றது. முப்பத்து நான்கு காய்ச்சலில் பதினேழு அந்த ஐந்து பேருடையவை. அவர்களில் இருவர்தான் மார்ச்சில் இறந்தவர்கள். உயிரோடு இருப்பவர்களில் எல்லோருக்கும் மேலே இருபத்தேழாம் எண். 4.1 என்று காட்டியது. கோதா அதைக் குறித்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

சனிக்கிழமை ஜெயபிரகாஷ் அழைத்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் கோதா விஷயத்தைச் சொன்னாள். ஆனால் அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. அப்படியானால் இன்னும் நல்லதுதான் என்றார். நர்ஸ் மீதும் தவறில்லை, மையத்தின் மீதும் தவறில்லை, அந்த நோயாளிகளின் உடம்புதான் பலவீனம், அதையே எழுதிக் கொடுங்கள் என்றார். அந்தப் பெண்ணுக்கு வேலையும் திரும்பக் கிடைக்கும் என்று சேர்த்துக்கொண்டார்.

கோதா மறுத்தாள். அந்த எண் உடம்பின் பலவீனம் மட்டும் இல்லை. கோப்பில் எழுதாமல் விட்ட எல்லாமே அதற்குள் போய் உட்கார்ந்திருக்கும் என்று விளக்கினாள். வீடு, தண்ணீர், வேலை, வேறு மருந்து, எதுவாகவும் இருக்கலாம்.

"அதெல்லாம் கமிட்டிக்கு எதுக்கு மேடம்?" என்றார் அவர். "ஒரே வரி. பேஷண்ட் வீக். எல்லாருக்கும் நல்லது."

அன்று முழுக்க அந்த ஒரே வரி அவளை விடவில்லை. எழுதினால் ரூபா தப்பிப்பாள். எழுதாமல் திங்கட்கிழமை அங்கே போய்த் தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டு நின்றால் பழைய படம் திரும்ப மேசைக்கு வரும். இருபத்தொன்று என்ற எண்ணும், அதற்கு நேரே ஒரு பெயரும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவள் மறைத்து வைத்திருந்த பத்திகளைத் திறந்தாள். செய்யக் கூடாத வேலை என்று தெரிந்தேதான் செய்தாள். ஐந்து பேரும் புத்தூர் சாலையில் இருந்தார்கள்: நாராயணவனத்தில் இருவர், வடமாலபேட்டையில் ஒருவர், புத்தூரில் இருவர். ஆனால் அதே சாலையிலிருந்து இன்னும் ஆறு பேர் டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு காய்ச்சல்கூட இல்லை.

இருபத்தேழாம் எண், எத்திராஜ், ஐம்பத்திரண்டு வயது, நாராயணவனம். அந்த நம்பருக்குப் போன் போட்டாள். அவர் மனைவி செங்கம்மா எடுத்தாள். டயாலிசிஸ் விஷயம் என்று கோதா சொன்னதுமே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்களே போன் பண்ணிட்டீங்க. வெடிகாலம்பற இருந்து நடுங்கிக்கினு கீறாரு மா. மூணு கம்பளி போத்தியும் நிக்கல. புத்தூருக்கு இட்டுக்கினு போவட்டுமா?"

"புத்தூர்ல என்ன இருக்கு?"

"நம்ப ஆஸ்பத்திரி கிளைதான். வெள்ளிக்கிழம சாயந்தரம்கூட அங்கதான் கட்டு மாத்தி, குழாயில மருந்து வுட்டு அனுப்சாங்க."

மூன்று வருடக் கோப்பில் புத்தூர் கிளை என்று ஒரு பத்தியோ ஒரு சொல்லோ இல்லை. கோதா தன் குரலைச் சிரமப்பட்டு நிதானமாக வைத்துக்கொண்டு, புத்தூருக்கு வேண்டாம், அந்தக் குழாயில் யாரையும் கை வைக்க விடாதீர்கள், உடனே 108க்குச் சொல்லுங்கள் என்றாள். ஐந்து நிமிடத்தில் செங்கம்மா திரும்ப அழைத்தாள். வண்டி தடாப் பக்கம் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறதாம். வர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம்.

கோதா தன் காரை எடுத்தாள். எங்கே கிளம்புகிறாய் என்று அப்பா சக்ரபாணி கேட்டார். நாராயணவனம் என்றதும், கோயிலுக்கென்று நினைத்துக்கொண்டு அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்ல ஆரம்பித்தார். அவள் முழுவதும் கேட்காமல் கிளம்பினாள்.

வைகாசி முகூர்த்த நாள். நாராயணவனத்தில் கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில் தெரு முழுக்க மாப்பிள்ளை வண்டிகளும் சமையல் பாத்திரம் இறக்கும் டெம்போக்களும் நின்றன. காரை விட்டுவிட்டு நடந்தாள். எத்திராஜ் வீடு இரண்டு தெரு தள்ளி. வாசலிலேயே செங்கம்மா நின்றாள். உள்ளே அவர் கட்டிலில் முழங்காலை மடித்துப் படுத்திருந்தார். மே மாத வெயிலில் அந்த அறை அடுப்பு மாதிரி இருந்தது; அவருக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. கோதா பேர் கேட்டாள். சொன்னார். என்ன கிழமை என்றாள். யோசித்துவிட்டு, தெரியவில்லை என்று தலையை ஆட்டினார்.

செங்கம்மா பைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். அவற்றோடு ஒரு பச்சை அட்டையும் இருந்தது. புத்தூர் கிளைக்குப் போகும்போதெல்லாம் அதில் தேதி முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் வெள்ளிக்கிழமைகள். கோதா போனில் கோப்பைத் திறந்து எத்திராஜுக்குக் காய்ச்சல் வந்த தேதிகளைப் பார்த்தாள். நான்கு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அட்டையில் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. வெள்ளிக்கிழமை கிளை, சனிக்கிழமை திருப்பதியில் டயாலிசிஸ், ஞாயிற்றுக்கிழமை குளிர். முந்தின நாள் குழாயைத் தொட்டது யார் என்று பார்த்தால் சனிக்கிழமை நர்ஸின் பெயர்தான் வரும்.

பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் எத்திராஜைத் தூக்கிக்கொண்டு கார்வரை வந்தார்கள். ஊர்வலத்துக்கு நடுவே வண்டியைத் திருப்ப முடியவில்லை. மேளக்காரர்களை ஒதுங்கச் சொல்லிச் செங்கம்மா முன்னால் நடந்தாள். மெயின் ரோட்டுக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. வடமாலபேட்டையைத் தாண்டும்போது பின்சீட்டில் அவள், "இன்னாங்க, இன்னாங்க" என்று எழுப்பிக்கொண்டே இருந்தாள். கோதா கண்ணாடியில் பார்த்தாள். எத்திராஜின் தலை அவள் தோளிலிருந்து நழுவி ஜன்னலில் சாய்ந்திருந்தது.

"மூச்சு கீதா பாருங்க" என்றாள் கோதா. தன் வாயில் அந்த ஊர்ப் பேச்சு வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"கீது மா. சின்னதா கீது."

டிரஸ்ட் மையத்துக்குப் போகாமல் அவள் காரை அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்தினாள். ரத்த அழுத்தம் கையில் கிடைக்கவில்லை. டியூட்டி டாக்டர் அட்டையைப் பார்த்தார், குழாய் இருந்த இடத்தைப் பார்த்தார், அங்கேயே அதை எடுத்துவிடச் சொன்னார். பிறகு கதவு மூடிக்கொண்டது. மாலை நான்கு மணிக்கு, உயிர் இருக்கிறது, இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

திங்கட்கிழமை கோதா சித்தூருக்குப் பஸ்ஸில் போனாள். டிரஸ்ட் அலுவலக வராந்தாவில் ஒரு பெஞ்சில் ஒல்லியான பெண் ஒருத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ரூபாவாகத்தான் இருக்கும் என்று கோதா நினைத்தாள்.

டிரஸ்ட் தலைவர் வேங்கடாசலம் கிரானைட் குவாரி வைத்திருக்கும் எழுபது வயதுக்காரர். நர்ஸா இல்லையா என்று மட்டும் கேட்டார். கோதாவுக்கு முன்னால் ஜெயபிரகாஷ் பதில் சொன்னார்: நர்ஸ் இல்லை, புள்ளியியல்படி நோயாளிகளின் சொந்தப் பலவீனம், அறிக்கையில் இருக்கிறது.

"அறிக்கையில் அப்படி இல்லை" என்றாள் கோதா.

அவள் சுருக்கமாகச் சொன்னாள். ரூபா லீவில் இருந்த மாதங்களின் ஐந்து காய்ச்சலை அவள் பெயரில் எழுதியிருந்தது. ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப விழுந்தது. அந்த ஐவரில் ஒருவர் நேற்று மறுபடி விழுந்தது, அதுவும் ரூபா இரண்டு வாரமாக மையத்துக்குள் காலே வைக்காதபோது. கடைசியாகப் பச்சை அட்டையின் நகலை மேசையில் வைத்தாள்.

ஜெயபிரகாஷின் முகம் வெளுத்தது. புத்தூர் கிளை இந்த விசாரணையில் வரவே இல்லை என்றார். நோயாளியின் வீட்டுக்குப் போக இவருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டார். பிறகு, ஒரு அட்டை புள்ளியியல் ஆகுமா என்றார்.

"ஆகாது" என்றாள் கோதா. "போனது என் தப்புதான், அதை எழுத்துல கொடுக்கறேன். ஒரு அட்டை எதையும் நிரூபிக்காது. அதனாலதான் கிளையோட ரிஜிஸ்டரைக் கேக்கறேன்."

வேங்கடாசலம் அட்டையை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்தார். அந்தக் கிளையை மூன்று வருடத்துக்கு முன்னால் ரிப்பன் வெட்டித் திறந்தவரே அவர்தான். ஜெயபிரகாஷ் தெலுங்கில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கிழவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, புத்தூருக்குப் போன் போட்டு ரிஜிஸ்டரை வண்டியில் அனுப்பச் சொன்னார். அது வரும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம் என்றார்.

இரண்டரை மணி நேரம் அந்த அறையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்து ஆறிப்போயிற்று. ரிஜிஸ்டரில் எத்திராஜைத் தவிர வேறு யாருடைய பெயரும் இல்லாமல் போனால் தன் வேலைக்கு என்ன ஆகும் என்று கோதா நினைத்துப் பார்த்தாள். ரிஜிஸ்டர் வந்ததும் அவளையே படிக்கச் சொன்னார்கள். வரிகளின் மேல் ஒரு காகிதத்தை வைத்து நகர்த்திக்கொண்டே படித்தாள். ஐவரில் நால்வருடைய பெயர் இருந்தது. அவர்களுடைய பதினான்கு காய்ச்சலில் பன்னிரண்டு, கிளைக்குப் போன மூன்று நாளுக்குள் வந்தவை. அதே சாலையில் காய்ச்சலே வராத ஆறு பேரில் ஒருவர்கூட அந்தக் கிளைக்குப் போனதில்லை. மார்ச்சில் இறந்த இருவரின் கடைசிப் பதிவும் ஒரே வெள்ளிக்கிழமை.

மறுநாள் கிளையை மூடிச் சோதித்தபோது காரணம் கிடைத்தது. ஒரே பெரிய சலைன் பாட்டிலில் ஊசி குத்திக் குத்தி ஒரு வாரம் முழுக்க எல்லோருடைய குழாயையும் கழுவியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்குப் போனது பாட்டிலின் அடியில் மிஞ்சியது. டிரஸ்ட் அறிக்கையில் அதை 'நடைமுறைக் குறைபாடு' என்று எழுதினார்கள். ஜெயபிரகாஷ் சித்தூர் மருத்துவமனைக்கு மாறினார்; அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு முன்பே தெரியுமா என்று கோதாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ரூபாவின் மேல் இருந்த உத்தரவை ரத்து செய்கிறோம் என்று வாயால் சொன்னார்கள். அவள் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வேலையை விட்டாள்.

கிளைக்குப் போனவர்கள் என்று ஒரு பத்தி சேர்த்துக் கோதா மாடலை மறுபடி ஓட்டினாள். நால்வரின் எண்கள் இறங்கி ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தன. ஐந்தாவது ஆள், வடமாலபேட்டை லட்சுமம்மா என்கிற பெண்மணியின் எண் 2.7இலேயே நின்றது. காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதி, அந்தப் பெண்மணியை இனிமேல் வாரம் ஒரு முறை யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினாள்.

எத்திராஜ் பிழைத்தார். எட்டாம் நாள் கோதா வார்டுக்குப் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. செங்கம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கோதா உட்காரவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மதியமே அவர் எண் தன் முன்னால் இருந்தது, எல்லோரையும்விட அதிகம் என்று காட்டியது, அது யார் என்று பார்க்காமல் வரிசை எண்ணாகவே விட்டுவிட்டேன் என்றாள்.

செங்கம்மா அந்த வெள்ளிக்கிழமையை நினைவுபடுத்திப் பார்த்தாள்.

"நாங்க சாயந்தரம் நாலு மணிக்குத்தான் புத்தூருக்குப் போனோம்" என்றாள். "அதுக்கு முன்னால போன் பண்ணியிருந்தா போயிருக்க மாட்டமே."

"ஆமா."

கோபம் எதுவும் அவள் குரலில் இல்லை. அது கோதாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. செங்கம்மா கணவனின் கம்பளியை இழுத்துக் காலை மூடினாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"காலையில இருந்து ஒண்ணும் துன்னல. கீழ போய் ரெண்டு இட்லி துன்னுட்டு வரேன். பாட்டிலு முடியற மாதிரி இருந்தா சிஸ்டர கூப்புடுங்க. இவரு முழிச்சா, இங்கதான் கீறேன்னு சொல்லுங்க."

கோதா ஸ்டூலில் உட்கார்ந்தாள். சொட்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. செங்கம்மா வருவதற்கு முன்னாலேயே பாட்டில் கழுத்துக்கு வந்துவிட்டது. அவள் எழுந்து போய் நர்ஸைக் கூட்டி வந்தாள். புது பாட்டிலின் மூடியை உடைக்கும் சத்தத்தில் எத்திராஜ் கண் திறந்து, பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்தார்.

"கீழதான் போயிருக்காங்க" என்றாள் கோதா. "இப்ப வந்துடுவாங்க."